புது மணியில் யார் பெயர்

“பிள்ளைக்கு ஞானஸ்நானம் 1702 பிப்ரவரி. பெத்தவங்களுக்குக் கல்யாணம் 1702 மே. புரியுதா வில்ஃப், இல்ல உன் பன்னிங்ககிட்ட கேட்டுட்டு வர்றியா?”

பழைய பதிவேட்டில் மே மாதத் திருமணத்தைக் காட்டிய கிளிஃபோர்ட், இரண்டு பக்கம் தள்ளிப் புரட்டி, பிப்ரவரி ஞானஸ்நானத்தின் மேல் விரலை வைத்தார்.

“தாள்ல விரல் வைக்காதீங்க” என்றார் ஆவணக் காப்பகத்தின் மிஸ் ஆக்டன்.

ஸ்கெல்பி கிராமத்துத் தேவாலயத்துக்குப் புது மணி வருகிறது. ஊரின் பழைய குடும்பம் ஒன்றின் பெயரை அதில் பொறிப்பார்கள். போட்டியில் மிஞ்சியது இரண்டு பேர்: பஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற கிளிஃபோர்ட், பன்றி வளர்க்கும் வில்ஃப். இரண்டு வம்சமும் தொடங்குவது இந்த ஒரே பதிவேட்டில்.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளை பிறந்த வம்சத்துக்கு மணியில் இடமில்லை என்று கமிட்டியில் அடம்பிடித்து விதி எழுத வைத்தவர் கிளிஃபோர்ட்தான். மிஸ் ஆக்டன் பார்த்துச் சொல்வதே முடிவு.

“எங்கப்பா முப்பது வருஷம் அந்தக் கோயில் மணிய அடிச்சவரு, க்ளிஃப். அதுக்காகத்தான் கேக்குறேன்” என்றார் வில்ஃப்.

“அடிச்சா அடிக்கட்டும். அதுக்காக வழிதவறிப் பொறந்த கூட்டத்தோட பேரையா பொறிக்கிறது? எங்க வீட்டப் பாரு. கல்யாணம் 1701 ஜனவரி, பிள்ளை 1701 அக்டோபர். சுத்தமா ஒம்பது மாசம். குடும்பம்னா இப்படி இருக்கணும்.”

மிஸ் ஆக்டன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நான்கு பதிவுகளையும் பொறுமையாகப் படித்தார்.

“தேதியெல்லாம் சரிதான். ஆனா அந்தக் காலத்துல இங்கிலாந்துல புது வருஷம் பொறக்கிறது மார்ச் இருபத்தஞ்சு. ஜனவரியும் பிப்ரவரியும் வருஷக் கடைசியில வரும்.”

“அதனால என்ன?” என்றார் கிளிஃபோர்ட். குரல் இறங்கியிருந்தது.

“வில்ஃப் வீட்டுல முதல்ல மே மாசக் கல்யாணம், அப்புறம்தான் பிப்ரவரியில பிள்ளை. உங்க வீட்டுல முதல்ல அக்டோபர், அப்புறம் ஜனவரி.”

வில்ஃப் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கொஞ்ச நேரம் அந்த அக்டோபரையும் ஜனவரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப உன் முப்பாட்டன், அவங்க அப்பா அம்மா கல்யாணத்துக்கு நேர்லயே போயிருக்காரு, க்ளிஃப்.”