சுவரில் நின்ற பெண்

“இந்த வீட்டுக்குப் பொம்பிளை குடுக்கேலாது.”

மாக்கிரட் புருஷனின் காதுக்குள் சொன்னாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு இப்போதுதான் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னப்பா, இன்னும் தேத்தண்ணிகூட வரேல்லை,” என்றார் பெனடிக்ற்.

“சுவரைப் பாருங்கோ.”

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடி வீடு. மகள் ஷெரோனையும் இந்த வீட்டுப் பெடியன் றஜிந்தனையும் மாதா கோயில் பாட்டுக்குழு சேர்த்துவைத்திருந்தது. “வீட்டைப் பாத்திட்டுத்தான் ஓம் சொல்லுவன்” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள் மாக்கிரட். ஷெரோன் இந்நேரம் டெலிபோனுக்குப் பக்கத்திலேயே குந்தியிருப்பாள்.

சுவரில் பெரிய சட்டம் போட்ட படம். பழைய காலத்துப் பிரெஞ்சுக்காரி ஒருத்தி, சட்டைக் கையை மடித்துவிட்டுத் துணிக்கு அயன் பண்ணிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இன்னும் ஒரு குவியல் துணி. முகம்கூடத் தெளிவில்லை, எல்லாம் தீற்றல் தீற்றலாய்ச் சாயம். களைப்பு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

“வாற மருமகளுக்கு இப்பவே பாடம் மாட்டி வைச்சிருக்கினம்.”

“உஸ்... மெல்லமாக் கதை,” என்று பெனடிக்ற் கொலரை நீவினார். ஒழுங்காக அயன் பண்ணவில்லை என்று வழியெல்லாம் அவளிடம் முணுமுணுத்துக்கொண்டு வந்த அதே கொலர்.

பெடியனின் தாய் அஞ்சலீனா எதிரே காலை நீட்டிப் போட்டபடி இருந்தாள். எழும்புகிற யோசனையே இல்லை.

“படம் வடிவோ அக்கா? மகன் முதல் சம்பளத்திலை மியூசியக் கடையிலை வாங்கினவன்.”

“வேலை செய்யிற பொம்பிளையைப் பாக்கத் தம்பிக்கு அவ்வளவு ஆசையோ?” மாக்கிரட்டின் குரலில் மிளகாய்த்தூள்.

“அவனுக்கு மட்டுமோ? தேப்பனுக்கும்தான். எனக்கும் அவவைக் கண்டாச் சந்தோசம்.”

மாக்கிரட் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிள்ளை அழுவாள், கொஞ்சக் காலம் முகத்தைத் தூக்கிவைத்திருப்பாள். போகட்டும். தான் பட்டது தன்னோடு போகட்டும்.

எழும்பப் போகையில் குசினிக் கதவு திறந்தது. தேத்தண்ணித் தட்டோடு அஞ்சலீனாவின் புருஷன் சவிரிமுத்து வந்தார், இடுப்பில் ஏப்ரன். பின்னால் கட்லட்டோடு றஜிந்தன்.

“குறை நினைக்காதேங்கோ, கொஞ்சம் கருகிப்போச்சு. இவன் கதைச்சுக் கதைச்சு விட்டிட்டான்.”

“அப்பாதான் அடுப்பைக் கூட்டி விட்டவர்!”

பெனடிக்ற் தேத்தண்ணியை எடுக்கவும் மறந்து இருவரையும் பார்த்தார்.

மாக்கிரட்டின் கண் இன்னும் படத்தில் இருந்ததை றஜிந்தன் கண்டான்.

“அன்ரி, கிட்டத்திலை வெறும் சாயம்தான். கொஞ்சம் தள்ளி நிண்டு பாருங்கோ.”

“இதை ஏன் தம்பி வாங்கினனீங்கள்?”

“அம்மா லோண்டரியிலை நாள் முழுக்க ஹோட்டல் பெட்சீற்றுக்கு அயன் பண்ணுறவ. வீட்டை வந்தும் விடமாட்டா. ‘வீடெண்டா ஒரு பொம்பிளை நிண்டு அயன் பண்ணத்தானே வேணும்’ எண்டு எங்கடை சேட்டெல்லாத்தையும் தூக்கிக்கொண்டு நிப்பா.”

அஞ்சலீனா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“அதுக்குத்தான் அக்கா, இவை ரெண்டுபேரும் ஒருத்தியைக் கொண்டந்து சுவரிலை நிப்பாட்டி விட்டிட்டினம். இந்த வீட்டிலை அயன் பண்ணுற பொம்பிளை இப்ப அவ ஒருத்திதான். உடுப்பெல்லாம் இந்த ரெண்டு ஆம்பிளையளின்ரை பாடு!”

மாக்கிரட் கைப்பையைக் கீழே வைத்தாள். கருகின கட்லட்டாகப் பார்த்து எடுத்துக் கடித்தாள். பிறகு டெலிபோனைக் கேட்டு வாங்கி, “பிள்ளை, ஓம்,” என்று மட்டும் சொன்னாள். ஷெரோன் போட்ட சத்தம் குசினி வரைக்கும் கேட்டது. றஜிந்தனின் காது சிவந்தது.

எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் அவள் அவனிடம் திரும்பினாள்.

“தம்பி, அந்த மியூசியக் கடையிலை இந்தப் படம் இன்னும் கிடக்குமோ? எங்கடை வீட்டிலையும் ஒரு சுவர் சும்மா கிடக்குது.”

கொலரை நீவப் போன பெனடிக்றின் கை, பாதி வழியில் நின்றது.