எந்தப் பறவை?

"பறவைன்னா எந்தப் பறவை?"

கைதிகளின் கடிதங்களைப் பரிசோதிக்கும் அதிகாரி, தலையைத் தூக்காமலே கேட்டார்.

எதிரே தையல்காரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஆலையில் வேலைநிறுத்தத்தை முன்நின்று நடத்தியதற்காக அவள் கணவன் சிறைக்குப் போய் ஏழு மாதம். அவன் எழுதும் கடிதம் எதுவானாலும் இந்த அறையைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும். நலமா, மகள் படிக்கிறாளா என்று மட்டும் எழுதியிருந்தால் அன்றைக்கே கைக்கு வந்திருக்கும். மனுஷன் கவிதை எழுதித் தொலைத்திருந்தான்.

'விடியுமுன் பறவைகள் கூடும்
ஊசிக் கண்ணில் ஒரு வானம் நுழையும்.'

இது ரகசியச் சேதி என்று மேலிடம் முடிவு கட்டினால் இன்னும் மூன்று வருஷம்.

"பறவைன்னா பறவைதான் சார்."

எத்தனை பறவை, எங்கே கூடுகின்றன, ஏன் விடிவதற்கு முன்னால் என்று அடுக்கிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் தெரியாது என்றாள்.

"தெரியாதுன்னா யாரும்மா நம்புவாங்க? யோசிச்சிட்டு அடுத்த புதன்கிழமை வா."

கடிதம் மறுபடி இழுப்பறைக்குள் போனது.

சிறைக்கு வந்துபோகிற குடும்பங்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. எழுத்து எழுத்தாகத் துருவுவார். அவர் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அவள் கவிதை என்று ஒன்றைப் படித்ததே கிடையாது. பத்தாவது படிக்கும் மகளிடம், அதிகாரி படித்துக் காட்டிய அந்த இரண்டு வரியையும் சொல்லிக் கேட்டாள். வெளியே தெரிகிற பொருள் ஒன்று, உள்ளே இருக்கிற பொருள் வேறொன்று என்று மகள் உற்சாகமாக ஆரம்பித்தாள்.

"பறவைன்னா ஜனங்களாகூட இருக்கலாம்மா. விடியல்னா..."

பட்டென்று மகளின் வாயைப் பொத்தினாள். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். உள்ளங்கையில் மகளின் மூச்சு சூடாக ஒட்டியிருந்தது.

அதற்கப்புறம் கவிதை என்றாலே பயம். ஆனாலும் விடவில்லை. நூலகத்திலிருந்து புத்தகங்களை வாங்கி வந்து, ரவிக்கைக்குக் கொக்கி வைக்கிற நேரத்தில் மகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒவ்வொரு புதன்கிழமையும் ஆபத்தில்லாத ஓர் அர்த்தத்தைத் தேடிக்கொண்டு போனாள். அவர் அதைத் தையல் பிரிப்பது மாதிரிப் பிரித்துப் போட்டார். ஒரு வாரம் கொக்கு என்று சொல்லிப் பார்த்தாள். உங்க தெருவில் கொக்கு ஏது என்று மடக்கினார். ஐந்தாவது வாரம் தாங்கமுடியாமல் அழுதேவிட்டாள்.

"அழுதா அர்த்தம் மாறிடாது. கண்ணைத் துடைச்சிட்டு முதல்லேருந்து சொல்லு."

பாவி, உன் குடும்பம் விளங்குமா என்று மனசுக்குள் சபித்தபடி வீடு திரும்பினாள்.

ஒருநாள் விடிகாலையில், அவசரத் துணி ஒன்றை முடிக்கத் தையல் மெஷின் முன் உட்கார்ந்தாள். நூல் கோக்க ஊசியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். ஊசிக் காதுக்குள் துளியூண்டு வெளுத்த வானம். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் புறாக்கள். இரவு ஷிப்ட் முடிந்து இந்த நேரத்துக்குத்தான் அவன் வருவான். தூங்காமல் படுத்தபடி அவள் நூல் கோப்பதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஊசியை அப்படியே தூக்கிப் பிடித்திருந்தாள். நூல் உள்ளே போகவில்லை.

ஒன்பதாவது புதன்கிழமை அதைச் சொன்னாள். பூதக்கண்ணாடி குறுக்கே நாலைந்து கேள்வி கேட்டார். அவள் எதற்கும் தடுமாறவில்லை. "ம்" என்றார். அவ்வளவுதான். கடிதத்தைத் தரவில்லை.

அடுத்த வாரம் ஆள் அனுப்பி அவளை வரவழைத்தார்கள். அதே அறை. தலைமையகத்திலிருந்து மூன்று பேர். பூதக்கண்ணாடி சுவரோரமாக நின்றிருந்தார். மூவரில் பெரியவர் அச்சடித்த தாள் ஒன்றைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார். எந்தப் பறவை, எத்தனை, எங்கே, ஏன் விடியுமுன். அவளுக்கு வாய் குழறவில்லை. ஒன்பது வாரமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்விகள், வரிசைகூட மாறாமல் வந்தன.

"புறா ஐயா. எட்டு ஒம்பது வரும். எதிர்வீட்டுத் தொட்டி மேல. அவர் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற நேரம் அது."

ஊசிக் கண்ணையும் சொன்னாள். பெரியவர் மற்ற இருவரையும் பார்த்தார். கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

பெரியவர் சுவரோரம் திரும்பினார்.

"ரெண்டு மாசத்துக்கு மேல இது உங்க மேசையில கிடந்திருக்கு. இந்தம்மாவை ஒரு தடவையாவது கூப்பிட்டு விசாரிச்சீங்களா?"

கதவுப் பக்கம் போனவள் நின்றாள்.

"இல்லைங்க ஐயா" என்றார் பூதக்கண்ணாடி. "இன்னிக்குத்தான் இவங்களை முதல் தடவையா பார்க்கிறேன்."