கடைசி டிஸ்க்

பதினொரு வருட ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் பதினொரு நொடியிலேயே போயே போய்விட்டன. 'டிஸ்க் காலி' என்று திரை சாவகாசமாகச் சொன்னது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து முழுதாக மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

கொடுத்த வேலை சின்னதுதான். பழைய ஸ்கேன் மெஷினின் சாஃப்ட்வேர் பழைய ஓ.எஸ்.ஸில் மட்டுமே ஓடும். அதனால் புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல ஒரு விர்ச்சுவல் மெஷினை உருவாக்கி, அதில் அந்த ஓ.எஸ்.ஸைப் போட வேண்டும். படிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை.

ஓ.எஸ். பட்டியலைத் திறந்தபோது பழைய 32 பிட் வகைகள்தான் இருந்தன, புதிய 64 பிட் ஒன்றுகூட இல்லை. போன மாதம் வாங்கிய கம்ப்யூட்டரில் இப்படி வராதே என்று மனசுக்குள் இடித்தது. நமக்கு வேண்டியது 32 பிட்தானே என்று மேலே போய்விட்டாள்.

எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. கடைசி டிஸ்க் சும்மாதான் கிடக்கும் என்று அதைக் காட்டினாள். அழிக்கட்டுமா என்றது. ஆம் என்று தட்டினாள். ரிப்போர்ட்டுகள் எல்லாம் இருந்தது அதில்தான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பெரியவர் காத்திருந்தார். மனைவிக்கு நாளைக்கு ஆபரேஷன். பழைய ரிப்போர்ட்டைப் பார்க்காமல் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

காலையில் ஒருமுறை கரண்ட் போய் வந்தது. அதில் போயிருக்கும் என்று சொன்னால் யார் கண்டார்கள்? பையை எடுத்து மடியில்கூட வைத்துக்கொண்டாள். அப்போது பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். வேலை போவதைவிட அவர் முகத்தைப் பார்ப்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சிஸ்டம் மேனேஜருக்கு அங்கே எரிமலை என்று பெயர். அவர் அறைக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது.

எரிமலை வெடிக்கவில்லை. ரிசப்ஷனுக்கு போன் போட்டு, பெரியவருக்கு ரிப்போர்ட் கொடுத்தாச்சா என்று கேட்டார். இப்போதுதான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம் என்று ஸ்பீக்கரில் பதில் வந்தது.

அவள் மிரண்டு போய் விழித்தாள். "எல்லாம்தான் அழிஞ்சிருச்சே சார்?"

"64 பிட் ஒண்ணுகூட வரலையே, அப்பவே தோணலையாம்மா? விர்ச்சுவல் மெஷினுக்குள்ள இன்னொண்ணு போடப் போனா பெரும்பாலும் அப்படித்தான் காட்டும். உனக்குக் குடுத்த கம்ப்யூட்டரே நான் உருவாக்கின விர்ச்சுவல் மெஷின்தான். அதுல இருந்ததெல்லாம் நகல். புதுசா வர்ற யாரையும் ஒரு மாசத்துக்கு ஒரிஜினல் பக்கம் விட மாட்டேன்."

"எங்க மேல அவ்வளவு சந்தேகமா சார்?"

எரிமலை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"சேர்ந்த அன்னிக்கு நான் அழிச்சது ஒரிஜினல்."