நனையாத தீப்பெட்டி

படையை இறக்கும் படகின் முன்கதவு கரைக்கு வெகு முன்னாலேயே திறந்துவிட்டது. "முழங்கால் தண்ணிதான், குதிங்கடா" என்றார் அதிகாரி. முதலில் குதித்த ஆறு பேரும் முதுகுச் சுமையோடு முங்கிப்போனார்கள்; ஒருவரும் மேலே வரவில்லை. மிக்கேலின் கூட்டாளி சவரிமுத்துவும் அதில் ஒருவன். ஏழாவதாகக் குதித்த மிக்கேலின் காலுக்கு மட்டும் ஏதோ தட்டுப்பட்டது. இடுப்பளவு நீரில் நடந்து, சட்டைப்பைத் தீப்பெட்டிகூட நனையாமல் கரையேறினான். அந்தப் படையிலேயே குட்டையானவன் அவன்தான். எப்படிக் கரையேறினாய் என்று அதிகாரி கேட்டபோது, மணல்திட்டு என்றான். அந்தத் திட்டு அவனோடு கூடவே நகர்ந்து வந்ததைச் சொல்லவில்லை.

விடுப்பில் அக்காள் ஊருக்கு வந்தவன் கடல் பக்கமே போகவில்லை. கடைசி நாளில் அத்தான் கஸ்பார் வள்ளத்தைத் தள்ளிவிடக் கூப்பிட்டார். தட்ட முடியாமல் போனான். வள்ளம் மிதந்து கொஞ்ச தூரம் போனதும் கஸ்பார் துடுப்பை நெட்டுக்குத்தாக இறக்கிப் பார்த்தார். அடி தட்டவில்லை. வள்ளத்தைத் தள்ளிக்கொண்டே வந்த மிக்கேல் பக்கத்திலேயே இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தான்.

"மாப்ள, இங்க ரெண்டாள் ஆழம்லா. எதுமேல நிக்கிறீய?"

மிக்கேல் குனிந்து பார்க்கவில்லை. அன்றைப் போலவே இரண்டு கைகள், அவன் விழுந்துவிடாதபடி, கணுக்கால்களை இறுகப் பிடித்திருந்தன.