ஊதலுக்குத் திரும்பிப் போன நரி

நானூறு கஜத்துக்கு அப்பால் வந்து நின்ற கயோட்டி நரி, வெர்லின் ஊதியதை ஒரு நிமிடம் கேட்டது. பிறகு, கடன்காரனைத் தெருமுனையில் பார்த்தவன் மாதிரி, சத்தமில்லாமல் திரும்பி மேட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

காலையிலிருந்து இது மூன்றாவது நரி. அடிபட்ட முயல் கத்துவது போல ஊதினால் பசித்த நரி ஓடி வர வேண்டும். வராமல் திரும்பினால், யாரோ அதே இடத்தில் ஊதி, சுட்டுக் குறி தவறி, அதை உஷார்ப்படுத்திவிட்டார்கள் என்று அர்த்தம்.

"நார்மா தன் பண்ணைக்குள்ள வேற யாரையோ விட்டிருக்கா, லொரீன்," என்றார் வெர்லின்.

"மெதுவா எழுந்திரு. புது இடுப்பு," என்றாள் மனைவி. "பனியில தெரியாம இருக்க வெள்ளை உடுப்பாம். மாவுல பொரட்டின கோழி மாதிரி இருக்கே."

வெர்லின் சிரிக்கவில்லை. குதிரை மேலே புரண்டு இடுப்பெலும்பு நொறுங்கி, பில்லிங்ஸ் ஆஸ்பத்திரியிலும் வீட்டுக் கட்டிலிலுமாக ஐந்து மாதம் கிடந்தவர் அவர். மார்ச் மாதம் நார்மாவின் பண்ணையில் பசுக்கள் கன்று போடும், கன்றைத் தேடி நரி வரும், அதற்குள் எழுந்து நடந்துவிட வேண்டும் என்ற ஒரே வெறியில்தான் எழுந்தார்.

இந்தப் பண்ணையில் நரி வேட்டைக்கு அனுமதி இருபத்திரண்டு வருடமாக அவர் ஒருவருக்குத்தான். எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது. நார்மா கைகுலுக்கிக் கொடுத்த வாக்கு, அவ்வளவுதான். அவர் கூட்டாளி பாய்டுகூட, அவரோடு சேர்ந்து வந்தால்தான் வரலாம்.

"வர்றதுக்கு முன்னாடி அவளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?" என்றாள் லொரீன்.

"பாய்ட்தான் வேணாம்னான். அந்த வீட்டுல துக்கம், கொஞ்ச நாள் விட்டுடுன்னான்."

"ஆமா. யாரு செத்தாங்கன்னே தெரியாம, துக்க வீட்டுக்குன்னு ஒரு கேக் பண்ணி அவன்கிட்ட குடுத்து விட்டேன் நான்."

"பாய்டுக்கு மட்டும் இது தெரியட்டும். இங்க வந்து ஊதினவனைச் சும்மா விடமாட்டான்," என்றார் வெர்லின். பதினான்கு வருடக் கூட்டாளி. ஒரு ஞாயிறு தவறாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டாடியவன்.

வண்டியைச் சூடாக்கி வைக்க லொரீன் பள்ளத்தில் இறங்கிப் போனாள். வெர்லின் கைத்தடியை ஊன்றி, தான் வழக்கமாக உட்கார்ந்து ஊதும் ஜூனிபர் மரத்தைச் சுற்றி வந்தார்.

மரத்தடியில் பனி அழுந்திக் கிடந்தது. ஐந்தாறு வெற்றுத் தோட்டாக்கள். அவர் எப்போதும் முதுகு சாயும் அதே இடத்தில் இன்னொரு முதுகு சாய்ந்திருக்கிறது.

இந்த மரத்தை அவருக்குக் காட்டியதே நார்மாதான். ஆக, அவளேதான் அழைத்து வந்து உட்கார வைத்திருக்கிறாள். ஐந்து மாதத்தில் எட்டிக்கூடப் பார்க்காதவள், நலம் விசாரித்து ஒரு வரி எழுதாதவள், இதற்கு மட்டும் நேரம் கண்டுபிடித்திருக்கிறாள்.

கீழே ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. நார்மா இறங்கினாள். லொரீனைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"உன்னை வந்து பார்க்கணும்னு தினம் நெனப்பேன், லொரீன். பனி பாதையை மூடிடுச்சு. போன் பண்ணினா நீ அழுவியோன்னு பயந்துக்கிட்டு அதையும் விட்டுட்டேன். மன்னிச்சுடு."

"பரவால்ல விடு. முதல்ல ரொம்ப கஷ்டமாத்தான் இருந்துச்சு. இப்ப பழகிப்போச்சு."

மேலே மரத்தின் மறைவில் நின்ற வெர்லினுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. செய்வதையும் செய்துவிட்டு என்ன தேனொழுகப் பேச்சு. பனிச்சரிவில் அந்த வெள்ளை உடுப்போடு கைத்தடியை ஊன்றி வெளியே வந்து நின்றார்.

நார்மா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு வண்டியின் மேல் சாய்ந்தாள்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்ட முகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார் வெர்லின்.

"இருபத்திரண்டு வருஷம், நார்மா," என்றார். "ஒரு கன்னுக்குட்டியையாவது நரிக்கு விட்டிருப்பேனா? நான் படுத்துட்டேன்னதும் என் எடத்துல வேற ஆளை உக்கார வெச்சுட்டியே. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

நார்மா ஒவ்வொரு அடியாகச் சரிவில் ஏறி வந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு, விரலால் அவர் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட விரலைச் சட்டென்று இழுத்து, மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன பண்றே?" என்றார் வெர்லின் எரிச்சலாக.

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"நீ சாகறப்ப இந்த எடத்தை அவனுக்கே விடச் சொன்னதா, பாய்ட் எங்க சமையல்கட்டுல உக்காந்து அழுதானே, வெர்லின்."