விட்டுப்போன யன்னல்

“ஐயா, தேத்தண்ணி எந்தப் பக்கத்தாலை தருவினம்?”

பின் ஒழுங்கையில் போத்தலோடு நின்றவர் இப்படிக் கேட்டபோதுதான் அந்தக் கடையைக் கட்டி முடித்த கொந்தராத்துக்காரர் சீவரத்தினம் திடுக்கிட்டுத் திரும்பினார்.

சுவரைப் பார்த்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் வழுவழுவென்று வெள்ளைச் சுவர். யன்னல் இல்லை. வைக்க மறந்தே போயிருக்கிறார்.

இது இரண்டாம் உலக யுத்தம் தொடங்கக் கொஞ்சம் முன்னைய கதை. அப்போது யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டுக்கடை என்றால் முன்னுக்கு வாசல், பின்னுக்கு யன்னல். சாதிமான்கள் வாசலால் வந்து வாங்குப் பலகையில் இருந்து குடிப்பார்கள். மற்றவர்கள் வெயிலிலும் மழையிலும் பின்னுக்கு நின்று, யன்னலால் போத்தலையோ சிரட்டையையோ நீட்டி வாங்கிப் போகவேண்டும். நல்ல நியாயந்தான், போங்கள். கிணறு கட்டினால் துலா போடுவதுபோல, கடை கட்டினால் யன்னல் வைப்பது. அதை யாரும் சொல்லிச் செய்விப்பதில்லை. சீவரத்தினம் கட்டிய கடைகளில் ஒன்றிலாவது அது விட்டுப்போனது கிடையாது.

இதில் மட்டும் எப்படி விட்டார்? எல்லாம் முதலாளி அருளம்பலத்தாரால் வந்த வினை. மலாயாவில் உழைத்துவிட்டு வந்து, உரும்பிராய்ச் சந்தியில் கடை போடுகிற மனிசன். சும்மா இருந்தாரா? முன்பக்கத்தில் நொட்டை சொல்லியே உயிரை எடுத்தார். கதவு பதிவாம், படி உயரமாம், காசு மேசை கோணலாம். ஒன்றை இடித்துக் கட்டினால் இன்னொன்று. அந்தக் கரைச்சலில் பின்பக்கத்தை எட்டிப் பார்க்க எங்கே நேரம்?

இன்றைக்குக் கடை திறப்பு. உள்ளே பால் பொங்கியாகிவிட்டது. காணிபூமியுள்ள பெரிய கமக்காரர் முத்துக்குமாருவும் வரப்போகிறார். தெல்லிப்பழையில் ஆறு கடை கட்ட இருக்கிறார் அவர். சீவரத்தினத்தின் வேலையைப் பார்த்த பிறகுதான் கொந்தராத்து யாருக்கென்று சொல்வாராம். அது கிடைத்தால் சீவரத்தினம் தலை நிமிர்ந்துவிடுவார். கிடைக்காவிட்டால் மேசன்மாரை வீட்டுக்கு அனுப்பவேண்டியதுதான்.

மேசன் யாகப்புவைத் தனியே கூப்பிட்டு, சத்தமில்லாமல் சுவரில் ஓர் ஓட்டை போடலாமா என்று கேட்டார். சத்தமில்லாமல் சுவர் குடைய நானென்ன எலியோ என்றார் யாகப்பு. பகிடி விட நேரம் பார்த்தார் பாருங்கள்.

வாசலில் கார் வந்து நின்றது.

முத்துக்குமாரு தூணைத் தட்டினார், கூரையை அண்ணாந்து பார்த்தார், நிலத்தைச் செருப்பால் தேய்த்துப் பார்த்தார். முகத்தில் திருப்தி. இந்த அளவில் திரும்பிவிட வேண்டும் என்று சீவரத்தினம் நல்லூர்க் கந்தனுக்கு நேர்ந்தார். கந்தனுக்கு அன்றைக்கு வேறு அலுவல் போலும். முத்துக்குமாரு நேரே அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பின்னுக்கு வாறவைக்கு எதாலை குடுக்கப் போறியள்?”

சீவரத்தினம் மெல்ல யாகப்புவுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

அருளம்பலத்தார் முந்திக்கொண்டார். “இந்த மனிசனைக் கேளுங்கோ. யன்னல், யன்னல் எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். மறந்து துலைச்சிட்டார்.”

பச்சைப் பொய். யன்னலைப் பற்றி அந்த மனிசன் ஒருநாளும் ஒரு சொல்கூடக் கதைத்ததில்லை. சீவரத்தினத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் மறந்தது மறந்ததுதானே. என்னத்தைச் சொல்லி வாதாடுவது? அத்தனை பேருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

இப்போதே அலவாங்கை எடுத்துச் சுவரை உடைக்கச் சொன்னார் முத்துக்குமாரு.

அருளம்பலத்தார் கையைப் பிசைந்தார். உடைக்கலாந்தான். ஆனால் பால் பொங்கின கட்டிடத்தில் ஒரு வருசத்துக்கு அலவாங்கு படக்கூடாதாம், பட்டால் ஊரிலுள்ள பெரிய மனிசருக்குத்தான் ஆகாதாம் என்று சாத்திரியார் சொல்லிப்போட்டாராம். பஞ்சாங்கம் பாராமல் படலை தாண்டாத முத்துக்குமாருவுக்கு முகம் கறுத்தது. வந்த கோபமெல்லாம் சீவரத்தினத்தின் தலையில்தான் விடிந்தது. ஒரு யன்னலை ஞாபகம் வைத்திருக்கத் தெரியாதவன் தனக்கு ஆறு கடை கட்டிக் கிழிக்கப் போகிறானோ என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

தெல்லிப்பழை வேலையும் போச்சு, பேரும் போச்சு.

அருளம்பலத்தார் ஒழுங்கைக்குப் போய், போத்தலோடு நின்றவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். பின்னுக்கு வழியில்லை, கொந்தராத்துக்காரர் விட்ட பிழை, என்ன செய்கிறது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லி, முன்வாசலால் ஏற்றி வாங்கில் இருத்தினார். இரண்டு பேர் எழும்பிப் போனார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே தங்கள் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்கள்.

சீவரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. சனம் குறைந்ததும் கேட்டார்.

“பிழை என்ரைதான், அண்ணை. அதுக்காகச் சொல்லாததைச் சொன்னதெண்டு என்ரை பேரைக் கெடுத்துப்போட்டியளே. இனி ஆர் எனக்கு வேலை தருவினம்?”

“நான் தருவன். கொடிகாமத்திலை ரயில் ஸ்ரேசனடியிலை ஒரு காணி வாங்கியிருக்கிறன். அந்தக் கடையையும் நீர்தான் கட்டவேணும்.”

“யன்னல் வைக்க மறந்தவனோ?”

அருளம்பலத்தார் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“யன்னல் வேண்டாமெண்டு நான் வாய் திறந்து சொன்னா, ஒருத்தரும் இந்தப் படி மிதியாயினம். மறந்துபோச்செண்டா ஆர் என்ன செய்யிறது? பின்சுவர் இடுப்பளவு எழும்பின அண்டைக்கே நான் கண்டிட்டன், தம்பி. உமக்கு எங்கை ஞாபகம் வந்திடுமோ எண்டு இவ்வளவு நாளும் எனக்கெல்லோ நித்திரை இல்லை.”