உப்புச் சன்னல்

போட்டிக் கம்பெனி கண்காட்சியில் வெளியிட்ட அகச்சிவப்பு ஆய்வுக் கருவியில், அற்புதராஜ் தன் கருவியில் தவறுதலாகப் போட்டிருந்த உபயோகமில்லாத துளைகூட அப்படியே இருந்தது. பட்டறைக்குத் திரும்பியதும் தன் கருவியைத் திறந்தார். உள்ளே ஒளி புகும் சன்னல் உப்பால் ஆனது. வெறும் விரல் பட்டாலே கரையும். அவர் கையுறையோடு பொருத்தி மூடியபோது மாசில்லாமல் இருந்த அதில், இப்போது ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்து கரைந்திருந்தது, குறுக்கே தழும்போடு. இந்தக் கருவியைச் சேர்ந்து செய்த நாட்களில் கூட்டாளி தயாபரன் சால்டரிங் அயர்னில் சுட்டுக்கொண்ட விரல். அன்று அதை ஊதி ஊதி மருந்து போட்டவர் அற்புதராஜ்தான்.

தயாபரன் டீயோடு உள்ளே வந்தான். “என்னண்ணே, தெறந்து போட்டிருக்கீங்க? ஈரம் பட்டா போச்சும்பீங்களே!”

அற்புதராஜ் புதிய உப்புச் சில்லு ஒன்றைப் பிரித்து நீட்டினார். “தொட்டுப் பாரு, தயா.”

தயாபரன் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.